ரொசெந்தோவின் மரத்தில் ஏறிய இயக்குநரகம்

எங்கள் மலையில் விகுந்தோ என்றால் விகுந்தோதான். மரக்கிளையில் அன்னாசிச் செடி மாதிரி உட்கார்ந்துகொண்டு, இலைகளுக்கு நடுவே மழைத்தண்ணீரைத் தேக்கிக் குடித்துப் பிழைக்கிற செடி. சிவப்பு உண்டு, மஞ்சள் உண்டு, அடிப்பக்கம் ஊதாவாக இருப்பதும் உண்டு. மாட்டுக்குப் பெயர் வைப்போம், லாரிக்குப் பெயர் வைப்போம். விகுந்தோவுக்கு வகைவகையாகப் பெயர் வைக்க எங்களில் யாருக்கும் பொழுது இருந்ததில்லை. பொழுது இருந்தவர்கள் தலைநகரம் கீத்தோவில் அதற்கென்று ஓர் இயக்குநரகமே நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் பால் வண்டி ஓட்டுகிறவன். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் கேன்களை ஏற்றிக் கீழே சீஸ் கம்பெனியில் இறக்குவது என் வேலை. வழியில் கடைசிப் பண்ணை ரொசெந்தோ கிஷ்பேயுடையது. அவன் என் மகனுக்கு ஞானத்தகப்பன், அதனால் எனக்குக் கொம்பாத்ரே. எங்கள் பக்கம் கூடப்பிறந்தவனோடு மல்லுக்கு நிற்கலாம், கொம்பாத்ரேயோடு நிற்க முடியாது. கொஞ்சம் மாடு, ஒரு புல்வெளி, புல்வெளி நடுவில் ஓர் அலிசோ மரம், அதட்டுவதற்குப் பெலிசா என்று ஒரு மனைவி. ரொசெந்தோவின் சொத்து அவ்வளவுதான். அந்த மரத்துக் கிளையில்தான் ஊதா வயிற்று விகுந்தோ ஒன்று உட்கார்ந்திருந்தது.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து அதைப் பார்த்தாள். பார்த்தவள் புல்லில் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மாடு முட்டிவிட்டதோ என்று பெலிசா ஓடி வந்தாள்.

"இந்த வகை எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு எழுதி வெச்சிருக்கோம்மா," என்றாள் அந்தப் பெண்.

"எழுதறதுக்கு முன்னாடி ஒரு எட்டு வந்து கேட்டிருக்கலாமே," என்றாள் பெலிசா.

அந்தப் பெண் சொன்ன விஷயம் சுருக்கமானது. இந்தச் செடி ஆயுளில் ஒரே தடவைதான் பூக்கும். பூத்து, பஞ்சு ஒட்டிய விதைகளைக் காற்றில் விட்டுவிட்டுச் செத்துப்போகும். இப்போது மொட்டு வைத்திருக்கிறது. விதை பறந்து பக்கத்து மரங்களில் ஒட்டிக்கொண்டால் வம்சம் பிழைக்கும். "யாரும் தொடாதீங்க. நீங்க சும்மா இருங்க, அது போதும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சும்மா இருப்பது ரொசெந்தோவுக்குக் கைவந்த கலை. ஆனால் அவள் போய் ஓர் அறிக்கை கொடுத்தாள், பாவம், நல்ல எண்ணத்தில்தான். அது மேகக்காட்டு அரிய தாவர இயக்குநரகத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கு எல்லாம் வரும், சும்மா இருப்பது மட்டும் வராது.

இன்ஜினியர் ஹோல்கெர் ஒரு வெள்ளை ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே நார்சிஸா மேடம், நெறிமுறை அதிகாரி. எந்த மேசையில் எந்தத் துணி விரிப்பது, யாருக்குப் பிறகு யார் கைகுலுக்குவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. இருவரும் ஏகப்பட்ட பைகள் வைத்த மேல்சட்டை போட்டிருந்தார்கள். ஒரு பையிலும் ஒன்றும் இல்லை. இன்ஜினியர் மரத்தடியில் நின்று, எங்கள் மூவருக்கும் மாடுகளுக்குமாக உத்தரவைப் படித்தார். உலகத்தில் எஞ்சியிருக்கும் ஒரே ஒரு செடி இது, இன்று முதல் இது தேசத்தின் செல்வம், ரொசெந்தோ கிஷ்பே இதன் கௌரவக் காவலர். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்று பெலிசா எனக்குக் காதில் சொன்னாள்.

"அப்ப இது என் மரம் இல்லையா, என் இன்ஜினியரே?" என்று கேட்டான் ரொசெந்தோ.

"மரம் உங்களுது. செடி நாட்டோடது."

"அது குடிக்கிற தண்ணி?"

"அது நீர்வளத் துறை. அவங்க எல்லைக்குள்ள நாங்க போறதில்ல."

"தண்ணிக்குள்ள ஒரு தவளை குடியிருக்கு."

இன்ஜினியர் நார்சிஸா மேடத்தைப் பார்த்தார். மேடம் கோப்பைப் புரட்டினார். "தவளைக்குத் தனி உத்தரவு வேணும்," என்றார். "அதுவரைக்கும் அது இல்லைன்னு வெச்சுக்கலாம்."

ரொசெந்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவன் மனதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். செடி செத்துட்டா?"

"சாகாது. இயக்குநரகம் இருக்கு."

"ஒரு பேச்சுக்குத்தான்."

"செத்தா காவலரோட அசிரத்தைன்னு அர்த்தம். புல்வெளி இயக்குநரகத்துக்கு வந்துடும். செடி ஞாபகமா இங்க ஒரு பூங்கா அமைப்போம்." இன்ஜினியர் முகம் மலர்ந்தது. "வரைபடம்கூட ரெடி. நடுவுல ஒரு நீரூற்று வருது. பாக்கறீங்களா?"

ரொசெந்தோ பார்க்கவில்லை. பெலிசா பார்த்தாள். அவள் வீடு இருந்த இடத்தில் வண்டி நிறுத்துமிடம் போட்டிருந்தது.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்ப்பான். மொட்டு ஒரு விரற்கடை மேலே வந்திருந்தால் அன்று பால் கேனைச் சிரித்துக்கொண்டே தூக்கிக் கொடுப்பான். வரவில்லையென்றால் என்னிடம்கூடப் பேச மாட்டான். அந்த மொட்டு விரிந்து விதை பறந்துவிட்டால் போதும், அதற்கப்புறம் செடி தன் சாவைச் செத்தால் யாரும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது என்பது அவன் கணக்கு. நியாயமான கணக்குத்தான்.

இயக்குநரகம் முதலில் வேலி போட்டது. மாடுகள் நிழலுக்கு ஒதுங்கும் மரத்தைச் சுற்றி முள்கம்பி. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். காவலருக்கும் வேண்டும். அதை வாங்க அவன் கீழே இறங்கி அலுவலகத்துக்குப் போக வேண்டும், போனால் காவல் இருக்க ஆளில்லை என்று இன்ஜினியர் கோபித்துக்கொள்வார். அடுத்து ஒரு பெயர்ப்பலகை வந்தது. மரத்திலேயே நீள ஆணியால் அடித்தார்கள். 'இந்த மரத்தைக் காயப்படுத்தாதீர்' என்று அதில் எழுதியிருந்தது. பலகை செடிக்கு வரும் வெளிச்சத்தை மறைத்தது.

"வெளிச்சம் படலையே, என் இன்ஜினியரே. செடியும் கண்ணுக்குத் தெரியல," என்றான் ரொசெந்தோ.

இன்ஜினியர் இதைப் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் இன்னொரு பலகை வந்தது. முதல் பலகைக்குப் பின்னால் இருக்கும் செடியின் படம் அதில் பெரிதாக இருந்தது. ரொசெந்தோ ஒரு நாள் அதிகாலையில் யாரும் பார்க்காதபோது முதல் பலகையைக் கொஞ்சம் வளைத்துவிட்டான். மொட்டு மறுபடி வளர ஆரம்பித்தது.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. எங்கள் நாட்டில் ஒரு கக்கூஸ் திறப்பதற்குக்கூட ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் வேண்டும். கால்பந்துக் குழுவுக்கு வேண்டும், டிராக்டருக்கு வேண்டும். உலகத்தின் ஒரே செடி ஞானத்தகப்பன் இல்லாமல் அநாதையாக நிற்பது நார்சிஸா மேடத்தின் தூக்கத்தைக் கெடுத்தது. டிசம்பர் மாதத் தொடக்கத்தில் செடிக்கு ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. ஞானத்தகப்பன், துணை இயக்குநர் டாக்டர் அப்தோன். ஞானத்தாய், அதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் அழகி.

பங்குச் சாமியார் மட்டும் முரண்டு பிடித்தார். "செடியை மந்திரிக்கலாம். ஞானஸ்நானம் கொடுக்க முடியாது," என்றார்.

"நீங்க மந்திரிங்க சாமி. அழைப்பிதழ்ல ஞானஸ்நானம்னு போட்டுக்கறோம்," என்றார் மேடம். சாமியாருக்கும் கோயில் கூரைக்குத் தகரம் தேவைப்பட்டது. ஒத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் அப்தோன் வந்து இறங்குகிற இடத்தில் வரவேற்பு வளைவு வேண்டும். ஊர்க்கூட்டத்தில் மேடம் இதை விளக்கினார். "பிளாஸ்டிக் பூ, காகிதத் தோரணம் எதுவும் கண்ணுல படக் கூடாது. நாம இயற்கையைக் காப்பாத்தற துறை. எல்லாம் இயற்கையா, காட்டுலேர்ந்து நேரா வந்ததா இருக்கணும்."

எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர் வளைவு என்றாலே பாசியும் விகுந்தோவும்தான். மாதா திருநாளுக்கு அப்படித்தான், கிறிஸ்துமஸ் குடிலுக்கு அப்படித்தான், பிணம் தூக்கும்போதும் அப்படித்தான். மிங்கா அறிவித்தார்கள். மிங்கா என்றால் வீட்டுக்கு ஒரு ஆள் கூலியில்லாமல் வந்து ஊர்வேலை செய்வது. வராதவர்களுக்கு அபராதம். ஊரே வெட்டுக்கத்தியும் சாக்குமாக மலை ஏறியது. பக்கத்துக் காட்டில் எல்லாம் முன்பே வழித்தாயிற்று, அதனால் யாரும் போகாத உச்சிக்குப் போனார்கள். அவித்த சோளமும் பன்றிப் பொரியலும் போயின, மத்தளமும் போயிற்று. நல்ல கும்மாளமாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ரொசெந்தோ வரவில்லை. செடியை விட்டு நகரக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு.

சாக்குகளை என் பால் வண்டியில்தான் ஏற்றினார்கள். வழியில் இயக்குநரகத்தின் சோதனைச் சாவடி. கிறிஸ்துமஸ் வந்தால் காட்டுச் செடி திருடுகிறவர்களைப் பிடிக்க ஒரு தடுப்புக்கழி போடுவார்கள். இந்த வருஷம் நம் செடியின் கௌரவத்துக்காக இரண்டு கழி போட்டிருந்தார்கள். காவலாளி வில்மெர், எங்கள் ஊர்ப் பையன்தான், சாக்கைக் குத்திப் பார்த்தான்.

"உள்ள என்ன?"

"விகுந்தோ. உங்க விழாவுக்குத்தான்."

நார்சிஸா மேடம் கொடுத்த சீட்டை நீட்டினேன். 'அலங்காரப் பொருள்' என்று போட்டிருந்தது. வில்மெர் சல்யூட் அடித்துக் கழியைத் தூக்கினான்.

விழா நாளில் ரொசெந்தோவுக்கு ஒரு பதக்கம் கொடுப்பதற்காக அவனை ஊர்ச் சதுக்கத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவனுக்கும் ஒரு பை வைத்த மேல்சட்டை கொடுத்திருந்தார்கள். நானும் அவனும் வளைவுக்கு அடியில் வந்தோம். அவன் நின்றுவிட்டான். பின்னால் வந்த பேண்டு வாத்தியக்காரன் அவன் மேல் மோதித் திட்டினான்.

"கொம்பாத்ரே, மேல பாரு," என்றான் ரொசெந்தோ.

பார்த்தேன். வளைவு நெடுகக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பச்சைப் பாசிக்கு நடுவே ஒவ்வொன்றுக்கும் அடிவயிறு ஊதா. ஒவ்வொன்றின் நடுவிலும் விரல் நீளத்துக்கு மொட்டு. அவன் மரத்தில் இருந்தது எதுவோ அதேதான், ஒரு குடும்பமே, ஒரு ஊரே அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. உச்சிக்காட்டில் இத்தனை நாளாக யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கின்றன. சாக்கில் போட்டுக் கட்டும்போது ஒருவரும் கவனிக்கவில்லை. விகுந்தோ என்றால் விகுந்தோ என்று பிடுங்கிப் போட்டார்கள்.

ரொசெந்தோ நேராக இன்ஜினியரிடம் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"என் இன்ஜினியரே, வளைவுல இருக்கறது அதே செடி. என் மரத்துல இருக்கற அதே வகை."

இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்ததிலேயே எனக்குத் தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ரொசெந்தோ, உத்தரவுல என்ன இருக்கு? ஒரே ஒரு செடி. அச்சடிச்சாச்சு. டாக்டர் உரையில 'ஒரே ஒரு'ன்னு பக்கத்துக்குப் பக்கம் வருது."

"கண்ணால பாக்கறோமே."

"நீங்க பாக்கறது அலங்காரம். அலங்காரம் என் பிரிவு இல்ல."

அலங்காரப் பிரிவு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. "ஏன், அழகா இல்லையா?" என்று கேட்டார் நார்சிஸா மேடம்.

"அழகாத்தான் இருக்கு மேடம். இப்பவே அவுத்து மரத்துல கட்டிட்டா இன்னும் பொழைச்சுக்கும். நானே ஏறிக் கட்டறேன். ஏணி இருக்கு."

"வந்தவர் போற வரைக்கும் வளைவத் தொடக் கூடாது. நெறிமுறை தெரியாதா உங்களுக்கு?"

அதற்குள் டாக்டர் அப்தோனின் வண்டி வந்துவிட்டது. எல்லோரும் ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். தேசிய கீதம் பாடினோம், மாகாண கீதம் பாடினோம், ஊர்க் கீதம் பாடினோம். கடைசியில் இயக்குநரகத்துக்கென்று ஒரு கீதம் இருந்தது. அது எங்கள் யாருக்கும் தெரியாது, இன்ஜினியருக்கும் தெரியாது, உதட்டை மட்டும் அசைத்தார். செடியை முதலில் கண்டுபிடித்த பல்கலைக்கழகப் பெண் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் பதவி எதுவும் இல்லாததால் நாற்காலி போடவில்லை. அவளும் வளைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடைப் பக்கம் போய் ஏதோ சொல்லப் பார்த்தாள். பேசுகிறவர்கள் பட்டியலில் பெயர் இல்லை என்று சொல்லி உட்காரச் சொன்னார்கள். உட்கார நாற்காலி இல்லை.

டாக்டர் அப்தோன் பேசினார். நல்ல கணீர்க் குரல்.

"நண்பர்களே, இந்தச் செடிக்கு மண்ணில் வேர் இல்லை. பெருமையோடு சொல்கிறேன், எங்கள் இயக்குநரகத்துக்கும் இல்லை. இது உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. தன்னைத் தாங்கும் மரம் எப்படி இருக்கிறது என்று விசாரித்து அதைத் தொந்தரவு செய்வதில்லை. மேலிருந்து வருவதைப் பெற்று நடுவில் தேக்கிக்கொள்கிறது. கீழே ஒரு சொட்டுக்கூடச் சிந்துவதில்லை. ஒரு பொது நிறுவனம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் ஏது? இந்த ஒரே ஒரு செடிக்காக இந்த ஆண்டு ஜீப்புகள் வாங்கினோம். அடுத்த ஆண்டு ஜீப்புகளுக்குக் கொட்டகை போடுவோம். ஒருநாள் செடிக்கும் ஏதாவது செய்வோம்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரொசெந்தோ பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வளைவையே பார்த்தபடி இருந்தான்.

பிறகு ஊர்வலமாகப் புல்வெளிக்குப் போனோம். சாமியார் மரத்தை மந்திரித்துவிட்டு அவசரமாக நகர்ந்தார். அப்புறம் கனெலாசோ வந்தது. பட்டை போட்டுக் காய்ச்சிய சர்க்கரைத் தண்ணீரில் கரும்புச் சாராயம் ஊற்றிச் சுடச்சுடக் குடிப்பது. எங்கள் பக்கம் கோப்பை ஒன்றுதான், அதுதான் கைமாறிச் சுற்றும். ஒருவன் பாதி குடித்துவிட்டு நீட்டினால் மறுப்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். ஞானப்பிள்ளைக்குப் பங்கு வைக்காமல் ஞானத்தகப்பன் குடித்தால் ஊர் தலைமுறைக்கும் பேசும். டாக்டர் அப்தோனுக்கும் அது தெரியும், அவரும் மலைக்காரர்தான். ஏணியில் ஏறினார், பாதி குடித்தார், மீதியைச் செடியின் தொண்டைக்குள் ஊற்றினார்.

உள்ளே இருந்த தவளை துள்ளி அவர் தோளில் விழுந்து, அங்கிருந்து புல்லுக்குள் பாய்ந்தது. அதற்கு உத்தரவு வராததால் யாரும் பார்க்கவில்லை.

"அது தண்ணி மட்டும்தான் குடிக்கும், என் டாக்டரே," என்று கீழேயிருந்து சொன்னான் ரொசெந்தோ. ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். "சூடு தாங்காது."

"ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. நானும் சின்ன வயசுல தண்ணிதான் குடிச்சிட்டிருந்தேன்."

கூட்டம் சிரித்தது. அடுத்து ஞானத்தாய் ஏறினாள், உயரமான செருப்போடு. அவளுக்குப் பிறகு யார் என்று ஒரு சிறு தகராறு வந்தது. ஊர்த் தலைவர் முதலிலா, சீஸ் கம்பெனி முதலாளி முதலிலா என்று. மேடம் தன் கோப்பிலிருந்த பட்டியலைப் பார்த்துத் தீர்த்துவைத்தார். பதவி வரிசைப்படி ஒவ்வொருவராக ஏறி, பாதி குடித்து, பாதி ஊற்றினார்கள். ஊற்றாமல் இறங்கினால் செடியை அவமதித்ததாகும். கடைசியில் காவலர் முறை வந்தது. ரொசெந்தோ ஏணியில் ஏறினான். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொதிக்கக் கொதிக்க முழுக் கோப்பையையும் தானே குடித்துவிட்டு இறங்கினான். கண்ணில் நீர் கட்டியிருந்தது. "பாரு, செடிக்குக்கூட மிச்சம் வைக்கல," என்று யாரோ கேலி செய்தார்கள். நாக்கு வெந்துபோய் ஒரு வாரம் அவனால் சரியாகப் பேச முடியவில்லை.

அந்த ஒரு வாரத்தில் மொட்டு கறுத்தது. நடு இலையைத் தொட்டால் கையோடு வந்தது, அழுகின நாற்றத்தோடு. பெலிசா வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

"அடுக்காதடி," என்றான் அவன். "வளைவுல இருக்கறதுல ஒண்ணாவது பொழைக்கும். மரம் பூரா கட்டி வெக்கறேன். பூத்துடுச்சுன்னா நம்மள ஒண்ணும் பண்ண முடியாது."

வளைவைப் பிரித்து அன்றைக்குத்தான் பந்து மைதானத்துக்குப் பின்னால் பள்ளத்தில் கொட்டியிருந்தார்கள். நானும் அவனும் போய்ப் பொறுக்கினோம். பாதி காய்ந்து போயிருந்தது. மீதிக்கு இலை நுனி மட்டும்தான் சுருண்டிருந்தது, தண்ணீர் பட்டால் நிமிர்ந்துவிடும். ரொசெந்தோ ஒவ்வொன்றாகக் கம்பியை அவிழ்த்து, குழந்தையைத் துடைப்பதுபோல் துடைத்துச் சாக்கில் வைத்தான். அவன் வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது, ஜெபமாகத்தான் இருக்க வேண்டும். என் வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலே போனோம். சாவடியில் வில்மெர் கழியைப் போட்டான்.

"உள்ள என்ன?"

"உனக்கே தெரியும். நீதான அன்னைக்கு விட்ட," என்றேன்.

"சீட்டு?"

"விழா முடிஞ்சுபோச்சேப்பா."

"அப்படின்னா அலங்காரம் இல்லை." வில்மெர் சாக்கைத் திறந்து ஒன்றை எடுத்து, சாவடிச் சுவரில் ஒட்டியிருந்த படத்தோடு வைத்துப் பார்த்தான். முகம் வெளிறியது. "மாமா, இது தேசத்தோட செல்வமாச்சே. எத்தனை பிடுங்கியிருக்கீங்க?"

"பிடுங்கினது ஊரு. நான் திரும்பக் கட்டப் போறேன்," என்றான் ரொசெந்தோ.

"அத நீங்க அங்க சொல்லுங்க மாமா. எனக்கு வேலை போயிடும்."

சாக்குகள் அலுவலகத்துக்குப் போயின. ரொசெந்தோவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மாலைக்குள் விட்டுவிட்டார்கள், ஆனால் வழக்கு நின்றது. செடிகள் சாட்சிப் பொருளாகி அலுவலகத் தாழ்வாரத்தில் குவிந்தன. ரொசெந்தோ தினமும் பால் கறந்து முடித்ததும் என் வண்டியில் ஏறிக்கொண்டு அங்கே வருவான். அந்த வாரம் நல்ல மழை. தாழ்வாரத்துக்கு வெளியே, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே செடிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"கொஞ்சம் வெளியில நகர்த்தி வெச்சா போதும் மேடம். தண்ணி நாம ஊத்த வேண்டாம். தானா விழும்," என்று நார்சிஸா மேடத்திடம் கெஞ்சினான்.

"சாட்சிப் பொருள் இருந்த நிலையிலேயே இருக்கணும், ரொசெந்தோ."

"இருந்த நிலைன்னா உயிரோட இருந்துச்சு மேடம்."

மேடம் அதைப் பற்றி யோசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார். எழுதவும் எழுதினார். பதில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு வந்தது. ஒரு கைப்பிடி தண்ணீர் தெளிக்கலாம் என்று அனுமதி. அப்போது இலைகளைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கின.

மரத்துச் செடியும் செத்துவிட்டது இன்ஜினியர் ஹோல்கெருக்குத் தெரியும். அது மேலே தெரிந்தால் ரொசெந்தோவின் புல்வெளி மட்டுமல்ல, தன் நாற்காலியும் போகும் என்பதும் தெரியும். மனிதர் நாலு நாள் அறைக்குள்ளேயே இருந்தார். ஐந்தாம் நாள் தாழ்வாரத்துக்கு வந்து குவியலைப் பார்த்தார். அவர் முகத்தில் வெளிச்சம் பரவியதை நான் என் கண்ணால் பார்த்தேன். குனிந்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.

மறுவாரம் சதுக்கத்தில் மறுபடி கூட்டம். அதே கீதங்கள், எல்லாக் கீதங்களும். இந்தத் தடவை இன்ஜினியரே பேசினார்.

"சென்ற ஆண்டு இந்தச் செடி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இன்று நம் அலுவலகத்தில் மட்டும் நாற்பத்தொன்று இருக்கின்றன. ஒரே ஆண்டில் நாற்பது மடங்குக்கும் மேல். இயக்குநரகத்தின் வரலாற்றில் இப்படியொரு மீட்சி நடந்ததில்லை. ஆகவே இந்த இனம் இனி ஆபத்தில் இல்லை என்று அறிவிக்கிறேன். ஆபத்தில் இல்லாத செடியை வைத்திருந்தது குற்றமாகாது என்பதால் ரொசெந்தோ கிஷ்பே மீதான வழக்கு ரத்து. காக்க வேண்டிய செடி இல்லாததால் புல்வெளிக்கும் தடை இல்லை. வேலியை அவர் தன் செலவில் எடுத்துக்கொள்ளலாம்."

பல்கலைக்கழகப் பெண் அன்று வரவில்லை. பெலிசா வந்திருந்தாள், சால்வையால் வாயை மூடிக்கொண்டு. வீடு பிழைத்ததே என்று அவளுக்கு ஒரு மூச்சு வந்தது. அதைத் தப்பு சொல்ல முடியாது.

இன்ஜினியர் ரொசெந்தோவை மேடைக்கு அழைத்துத் தோளில் கைபோட்டார். ஒலிபெருக்கியைக் கையால் மறைத்துக்கொண்டு, செல்லமாகக் கோபித்துக்கொள்கிற மாதிரி, "ஏன்யா, இத்தனை இருந்துச்சுன்னு எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? எவ்வளவு அலைச்சல்," என்றார். மேடைக்குக் கீழே முன்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது.

"சொன்னேனே, என் இன்ஜினியரே."

"எப்ப?"

"உசுரோட இருந்தப்ப."

இன்ஜினியர் அவன் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார். பிறகு ஒலிபெருக்கியிலிருந்து கையை எடுத்து, முன்னாள் காவலருக்காக எல்லோரும் பலமாகக் கைதட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தட்டினோம். ரொசெந்தோவும் தட்டினான். தட்டாமல் நின்றால் ஏன் என்று கேட்பார்கள்.